பதினேழு ஒன்றுகள்

ஜூன் 3, புதன்

எங்கள் கல்லூரித் தாளாளர் அர்த்தனாரி ஒரு திருடர். என் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், இளங்கலை, முதுகலைப் பட்டங்கள், சாதிச் சான்றிதழ் ஆகிய ஐந்தும் அவருடைய அலுவலக இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. ஐந்திலும் என் பெயர்தான் இருக்கிறது. சாவி அவரிடம் இருக்கிறது.

வேலையில் சேர்ந்த அன்று, "இங்க இருந்தா பத்திரமா இருக்குமுங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள். பழைய ஆட்கள் எல்லாரும் கொடுத்திருந்தார்கள். நானும் கொடுத்தேன். மூன்று வருடம் ஆகிறது. அசல் சான்றிதழ் இல்லாதவன் வேறு எங்கும் வேலைக்குப் போக முடியாது. கல்லூரியில் ஒருவரும் விலகாததற்குக் காரணம் இதுதான். ஆண்டு மலரில் இதை "பேராசிரியர்களின் அர்ப்பணிப்பு" என்று போடுகிறார்கள்.

இன்று எனக்கு அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில் இடம் கிடைத்திருக்கிறது. ஜூலை 24, காலை பத்து மணிக்குச் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல்கள் இல்லாமல் வருபவரின் தேர்வு ரத்து என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

துறைத் தலைவர் டாக்டர் குழந்தைவேலுவிடம் சொன்னேன். "சந்தோசமுங்க மாதேஸ்வரன். ஆனா இப்பப் போய் அவருகிட்ட கேக்காதீங்க" என்றார். எப்போது கேட்கலாம் என்றேன். "அவரு சிரிக்கறப்போ" என்றார்.

ஜூன் 8, திங்கள்

சேர்க்கைப் பிரச்சாரம். ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்து மாணவர்களைப் பிடித்துவர வேண்டும். வெயிலில் ஊர் ஊராகப் போய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் உள்ள வீட்டைத் தேடினேன். ஒரு விசைத்தறிக்காரர் தறியை நிறுத்தாமலேயே கேட்டார்: "உங்க காலேஜில படிச்சா வேலை கெடைக்குங்களா?" தறிச் சத்தத்தில் கேட்காதது போல் துண்டறிக்கையை நீட்டினேன். இதுவரை பிடித்தது ஒன்று. அவனும் திரும்பிப் போய்விடுவான் போலிருக்கிறது.

ஜூன் 11, வியாழன்

ஊழியர் கூட்டம். தாளாளர் சிரித்துக்கொண்டே வந்தார்.

அர்த்தனாரி ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கு வண்டியில் சம்பாதித்தவர். பாதி இந்தியாவில் ஓட்டை போட்ட காசில் அப்பா பெயரில் ராக்கியப்பன் பொறியியல் கல்லூரியைக் கட்டினார். இன்றைக்கும் எதைப் பேசினாலும் அடிக்கணக்கில்தான் பேசுவார்.

"போன மாசம் கோயமுத்தூர்ல ஒரு விழாவுங்க. ஒரு கணக்கு வாத்தியார் பேசுனாரு. பிரைம் நெம்பர்னு ஒண்ணு இருக்குதாமா. ஒண்ணையும் தன்னையும் உட்டா வேற ஒருத்தனுக்கும் மசியாதாமா. எனக்குச் சுருக்குன்னுச்சு. அட, இது நாந்தானே!"

கைதட்டினோம்.

"நம்ம காலேஜிக்குப் பதினேழு வருசம். எல்லா வருசமும் நாம நெம்பர் ஒன்னு. அதனால வருசத்துக்கு ஒரு ஒண்ணு. பதினேழு ஒண்ணை வரிசையா எழுதுனா அதுதான் நம்ம நெம்பர். ஜூலை இருவத்திரண்டு, நிறுவனர் நாளுக்குக் கருங்கல்லுல வெட்டி வாசல்ல நிறுத்தறோம். அன்னைக்குத்தான் தரச்சான்று குடுக்கற குழுவும் வருது. இந்த நெம்பர் பிரைம்தானான்னு கணக்குத் துறை பாத்துச் சொல்லோணும்."

11111111111111111. கரும்பலகையில் அவரே எழுதினார். ஒன்று குறைந்துவிட்டது. மறுபடி எண்ணிப் போட்டார்.

குழந்தைவேலு எழுந்து, எவ்வளவு தூரம் சோதிக்க வேண்டும் என்று பவ்யமாகக் கேட்டார்.

"ஆயிரம் வரைக்கும் எறக்கிப் பாருங்க. ஆயிரம் அடி எறக்கியும் வெறும் பொகையா வந்துச்சுன்னா அந்த எடத்துல தண்ணி இல்லீங்க. நாப்பது வருசம் ரிக்கு ஓட்டுனவன் சொல்றேன்."

ஜூன் 12, வெள்ளி

ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்கள் உண்டு. குழந்தைவேலு அவற்றை எங்கள் துறையின் எட்டுப் பேருக்கும் பிரித்துக் கொடுத்தார். எனக்கு 857 முதல் 997 வரை. ஒவ்வொன்றாலும் பதினேழு ஒன்றுகளை வகுத்து, மீதி வருகிறது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

"சார், பகா எண்ணான்னு தெரியணும்னா இதோட வர்க்கமூலம் வரைக்கும் பாக்கணும். பத்தரைக் கோடி வருது" என்றேன்.

"பத்தரைக் கோடி வரைக்கும் வகுத்தா நாம எல்லாம் ரிட்டயர்டு ஆயிருவோமுங்க."

"ஆயிரத்தோட நிறுத்துனா அது நிரூபணமே இல்ல சார்."

"அவருகிட்ட போயி, உங்க ஆயிரம் அடி பத்தாதுன்னு நீங்க சொல்றீங்களா?"

டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர். அடுத்த அறையில் எங்கள் துறைத் தமயந்தி மேடம் சிரிப்பது கேட்டது. அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். இங்கே ஒன்பது வருடமாக இருக்கிறார். அலமாரியில் அவருடைய சான்றிதழ் உறைதான் அடியில் கிடக்கும்.

ஜூன் 13, சனி

கையெழுத்துப் போட்டேன். எதையும் வகுக்கவில்லை. வேறு யாரும் வகுத்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

பிரச்சாரத்துக்குப் போன ஊரில் பேருந்து வரவில்லை. நிழற்குடையில் உட்கார்ந்து கைபேசியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். பழைய தேற்றம் ஒன்று உண்டு. பதினேழு ஒன்றுகளைக் கொண்ட எண்ணை எந்தப் பகா எண் வகுத்தாலும், அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் முப்பத்து நான்கால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். இதன்படி ஆயிரத்துக்குள் நாங்கள் பார்த்திருக்க வேண்டியவை பத்தே பத்துதான். அந்தப் பத்தையாவது பார்த்திருக்கலாம்.

ஓட்டிய அரை விநாடியில் விடை வந்துவிட்டது.

20,71,723 × 536,32,22,357.

இரண்டாகப் பிரிகிறது. இந்த எண் பகா எண் இல்லை. அர்த்தனாரியின் கணக்கில் சொன்னால், இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்றாவது அடியில் தண்ணீர் இருக்கிறது.

எழுந்து நின்று சத்தம் போட்டுவிட்டேன். நிழற்குடையில் தூங்கிக்கொண்டிருந்த ஆடு ஓடிவிட்டது.

யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜூன் 17, புதன்

தமயந்தி மேடத்திடம் சொன்னேன். பிரச்சாரத் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் இரண்டு எண்களையும் எழுதிக் கையாலேயே பெருக்கினார். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனது. கடைசி வரியில் ஒன்றுகளாகவே வந்து விழ விழ அவர் முகம் சிறுபிள்ளை முகம்போல் ஆகிவிட்டது.

"என்ன அழகு பாருங்க மாதேஸ் சார்! நம்ம ஆளு வாசல்ல நிறுத்தி வைக்கறதுக்கா இது இத்தன காலம் இருந்துச்சு!"

"இதை அவர்கிட்டச் சொல்லலாம்னு இருக்கேன் மேடம்."

"சொல்லறதுன்னாச் சும்மாச் சொல்லுங்க. இதை வெச்சுச் சர்ட்டிபிகேட்ட வாங்கிக்கலாம்னு கணக்குப் போடாதீங்க."

அப்படி ஒரு எண்ணம் எனக்கு வரவேயில்லை. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரியவில்லை. உண்மை தெரிந்தவன் அதை உரியவரிடம் தெரிவிப்பது கடமை. குழு வருவதற்கு முன், தனியாக, பொறுப்பாகத் தெரிவிப்பது பண்பு. அந்த நேரத்தில் நன்றியாக அவர் ஏதாவது செய்ய விரும்பினால் அது அவருடைய விருப்பம்.

ஜூன் 22, திங்கள்

குழந்தைவேலுவிடம் காட்டினேன். கதவைச் சாத்தினார். "கல்லு ஏற்கெனவே கிருஷ்ணகிரியில அறுத்தாச்சுங்க" என்றார். கல்லை அறுத்ததால் எண் மாறாது என்றேன். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"எங்கையெழுத்து இருக்குது மாதேஸ்வரன். உங்க கையெழுத்தும் இருக்குது."

"நம்ம கையெழுத்து ஆயிரம் வரைக்கும்தான் சார். அது சரிதான்."

"அப்பச் சரி" என்று கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தார்.

ஜூன் 24, புதன்

தாளாளர் அறை. கண்ணாடி மேசைக்கு அடியில் ரிக்கு வண்டியின் பழைய துளைமுனை ஒன்றை வெள்ளி முலாம் பூசி வைத்திருக்கிறார். நானும் குழந்தைவேலுவும் நின்றோம். விடையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"ஏனுங்க, நாஞ்சொன்னது எத்தன?"

"ஆயிரம் சார்."

"நீங்க எறக்குனது?"

"இருபது லட்சம்."

குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டார்.

"இருவது லச்சம் எறக்குனா எந்தப் பாறைதான் தாங்குமுங்க? முழுசா இருந்த நெம்பரு. ஆயிரத்துல நிறுத்தியிருந்தீங்கன்னா இன்னைக்கும் முழுசாத்தான் இருந்திருக்கும். நீங்க எறக்கி எறக்கி ரெண்டா ஒடச்சுப்போட்டு எங்கிட்ட வந்து நிக்கறீங்க."

"சார், நான் உடைக்கல. அது எப்பவும் அப்படித்தான் இருந்தது."

"அப்ப ஏன் இத்தன நாளா ஆருக்கும் தெரியலீங்க?"

கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பட்டம் வாங்கியிருக்கிறேன்.

கிளம்பும்போது தாளாளரிடம் மெதுவாகக் கேட்டேன்: "சார், இது நம்ம மூணு பேருக்குள்ளதான் இருக்கு. வெளிய போகாது. என் சான்றிதழ் மட்டும் குடுத்தீங்கன்னா..."

அவர் சிரித்தார். ஆனால் அது குழந்தைவேலு சொன்ன சிரிப்பு இல்லை.

ஜூன் 25, வியாழன்

குறிப்பாணை வந்திருக்கிறது. "நிறுவனத்துக்குச் சொந்தமான எண்ணை, அனுமதிக்கப்பட்ட ஆழத்துக்கு மேல் சோதித்துச் சேதப்படுத்தியது தொடர்பாக, தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?"

ஜூன் 29, திங்கள்

விசாரணை. நிர்வாக அதிகாரி சென்னியப்பன் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். எல்லாரும் ஏ.ஓ. என்று கூப்பிடுவார்கள். அலமாரியைத் திறப்பவரும் அவர்தான். பனியனைத் தாண்டி வயிறு தெரிய உட்கார்ந்து எழுதினார்.

"உங்க கைக்கு வர்றப்ப நெம்பரு நல்லாத்தான இருந்துச்சு?"

"எப்பவும் இருந்த மாதிரிதான் இருந்தது சார். உலகம் தோணுன நாள்ல இருந்து."

"'சம்பவத்துக்கு முன் நல்ல நிலையில் இருந்ததை மறுக்கவில்லை.' அப்புறம், எதுல ஒடச்சீங்க?"

"கைபேசியில கணக்குப் போட்டேன்."

"குடுங்க."

வாங்கி ஓர் உறையில் போட்டு, "சம்பவக் கருவி" என்று எழுதி அரக்கு வைத்தார்.

"ஒடஞ்ச துண்டு ரெண்டும் எங்க?"

சொன்னேன். இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதச் சொல்லி வாங்கினார். பெரிய துண்டைப் பார்த்து, "இதையாவது முழுசா உட்டீங்களே" என்றார். அது பகா எண்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அதையும் வாசலில் வைத்துவிடுவார்கள்.

மாலையில் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிரச்சாரத்துக்குப் பெற்றோருக்குப் போன் செய்ய வேண்டுமே.

ஜூலை 2, வியாழன்

கல்விக்குழுக் கூட்டம். மேசையில் முந்திரிப் பருப்பு, தண்ணீர். துறைத் தலைவர்கள் பத்துப் பேர், முதல்வர், விளக்கம் சொல்ல நான். பன்னிரண்டு பேருக்கும் வாக்கு உண்டு என்று தாளாளர் பெருந்தன்மையாக அறிவித்தார். கூட்டக் குறிப்பு எழுதத் தமயந்தி மேடம்.

தீர்மானம்: "பதினேழு ஒன்றுகளைக் கொண்ட கல்லூரியின் எண், கல்லூரி வளாகத்துக்குள் பகா எண்ணாகவே கருதப்படும்."

இயந்திரவியல் தலைவர், "இதனால பாடத்திட்டத்துல ஏதாச்சும் மாறுங்களா?" என்று கேட்டார். மாறாது என்றதும் அவர் கைதான் முதலில் உயர்ந்தது. பதினோரு கைகள். கான்கிரீட்டும் மின்சாரமும் கணினியும் சொல்லிக் கொடுப்பவர்களின் கைகள். இவர்கள் கட்டச் சொல்லிக் கொடுக்கும் பாலத்தில்தான் நாளைக்கு நம் பிள்ளைகள் போகப்போகிறார்கள். இந்த நாட்டில் முதுகெலும்பு உள்ளவனைத் தேடினால் ஆயிரம் அடி என்ன, இருபது லட்சம் அடி இறக்கினாலும் கிடைக்கமாட்டான்.

நான் கை தூக்கவில்லை. எதிர்ப்பவர் உண்டா என்று கேட்டபோது தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

தமயந்தி மேடம் குறிப்பைப் படித்தார்: "ஆதரவு, பதினொன்று. எதிர்ப்பு, இல்லை. தண்ணீர் குடித்தவர், ஒருவர்."

தாளாளர் கடைசி வரியை அடிக்கச் சொன்னார். எனக்கும் அது தேவையில்லாத வரியாகத்தான் பட்டது.

ஜூலை 7, செவ்வாய்

விலகல் கடிதம் கொடுத்தேன். நிலுவை இல்லை என்று ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்கி வந்தால் சான்றிதழ் தருவதாக ஏ.ஓ. சொன்னார். நூலகம், ஆய்வகம், விடுதி, பேருந்து எல்லாவற்றிலும் வாங்கிவிட்டேன். கடைசியில் புதிதாக ஒரு கட்டத்தைக் கையாலேயே கோடு போட்டு வைத்திருந்தார். "எண்."

"ஒடச்சதைச் சரி பண்ணிக் குடுங்க, இல்லாட்டி அதே மாதிரி வேற நெம்பரு குடுங்க. கையெழுத்துப் போடறேன்."

சாப்பிடாமல் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு சட்டென்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு ஒன்றுகள் கதைக்கு ஆகாது; இலக்கங்களைக் கூட்டினால் பதினெட்டு, மூன்றால் வகுபட்டுவிடும். பத்தொன்பது ஒன்றுகள் பகா எண். இது எப்போதோ நிரூபிக்கப்பட்டது. கல்லில் இன்னும் இரண்டு ஒன்றுகள் கூட்டினால் முடிந்தது.

குழந்தைவேலு என்னைக் கட்டிப்பிடித்தார். "மாதேஸ்வரன், நீங்க எங்கயோ போகப்போறீங்க!"

சென்னைக்கு என்றேன்.

ஜூலை 9, வியாழன்

தாளாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பத்தொன்பது ஒன்றுகள் எந்த ஆழத்துக்குப் போனாலும் உடையாது என்று நான் சொன்னதும் கண் கலங்கியது. பிறகு சொன்னார்:

"ஆனா காலேஜிக்கு இன்னும் பதினேழு வருசம்தானுங்களே ஆகுது. பத்தொன்பதுன்னு கல்லுல வெட்டுனா அது பொய்யில்லீங்களா? பொய் சொல்லி நமக்கு என்னத்துக்குங்க பேரு?"

குழுவுக்குக் காட்டுவதற்காகக் கணினி ஆய்வகத்துக்கு வாடகைக் கணினிகள் டெம்போவில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் அறைக்குள் நன்றாகவே கேட்டது.

"அதனால இப்பிடிப் பண்ணலாம். இப்பப் பதினேழு. கல்லுல ரெண்டு எடம் காலியா உட்டு வைக்கறோம். அடுத்த வருசம் ஒண்ணு, அதுக்கடுத்த வருசம் ஒண்ணு. ரெண்டு வருசத்துல நெம்பரு தானாச் சரியாயிருது. அதுவரைக்கும் நீங்க இங்கயே இருந்து பாத்துக்குங்க. சரியான அன்னைக்கே நானே உங்க கவரை எடுத்துக் கையில குடுக்கறேன். நாந்தான சொல்றேன்."

"சார், எனக்கு இருபத்து நாலாம் தேதி சரிபார்ப்பு!"

"ரெண்டு வருசமுங்கறதே நீங்க சொன்ன கணக்குத்தானுங்களே" என்றார்.

ஜூலை 10, வெள்ளி

என் வாயால் கெட்டேன். தேற்றத்தால் கெட்டேன் என்று சொல்வது இன்னும் சரி.

ஜூலை 15, புதன்

அம்மா போன் செய்தாள். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மரவள்ளிக்கிழங்கு தோல் உரிக்கிறாள். ஆலை முழுக்கச் சொல்லிவிட்டாளாம்.

"கண்ணு, மேஸ்திரிகிட்ட ரெண்டு நாளைக்கு லீவு சொல்லிட்டேன். மெட்ராசுக்கு நானும் தொணைக்கி வரட்டா?"

"வேண்டாம்மா. அலைச்சல்."

"சர்ட்டிபிகேட்டெல்லாம் வாங்கிட்டியா? அந்தக் காலேஜிக்காரன் குடுத்துட்டானா?"

"எல்லாம் பையில வெச்சுட்டேன்மா."

பொய் சொல்லவில்லை. நகல்கள் பையில்தான் இருக்கின்றன.

ஜூலை 18, சனி

கல் வந்துவிட்டது. பளபளப்பான கறுப்புக் கல், இரண்டு ஆள் நீளம். பதினேழு தங்க நிற ஒன்றுகள், பிறகு வெறும் கல்லாக இரண்டு ஒன்றுகளுக்கான இடம். பாரந்தூக்கி இல்லாததால் ஆசிரியர்களைப் பிடிக்கச் சொன்னார்கள். இலக்கியப் பேச்சுப் பேசும் ஆங்கிலத் துறை ஆட்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டினார்கள். எனக்குக் காலி இடம் இருந்த பக்கம் கிடைத்தது. அந்தப் பக்கமும் கனமாகத்தான் இருந்தது.

ஜூலை 21, செவ்வாய்

நாளைக்குக் குழு வருகிறது. மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். இதுவரை பார்த்தே இராத ஏழு பேராசிரியர்கள் எங்கள் துறை அறையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். இரண்டு நாள் வாடகை. அதில் ஒருவர் என்னிடம், "நீங்க எந்த ஏஜென்சிங்க?" என்று கேட்டார்.

தமயந்தி மேடம்தான் விழாத் தொகுப்பாளர். ஒத்திகை முடிந்து வந்தபோது அவரிடம் சொன்னேன்: "நாளைக்கு எல்லார் முன்னாடியும் உண்மையச் சொல்லப்போறேன் மேடம். என்ன ஆனாலும் ஆகட்டும்."

என்னை நிதானமாகப் பார்த்தார். "நெசமாவா?"

"நிஜமா."

"அப்ப நானும் கூட நிக்கறேன். ஒம்பது வருசமாச்சு, நானும் ஒரு தடவை நின்னு பாக்கறேன்."

இன்று மனது லேசாக இருக்கிறது.

ஜூலை 22, புதன்

விழா நடந்தது. வெயில் அதிகம். குழுவில் மூன்று பேர். தலைவர் கான்கிரீட் பேராசிரியர், வயதானவர், நல்ல மனிதராகத் தெரிந்தார். திரையை விலக்கினார்கள். தலைவர் கல்லைத் தட்டிப் பார்த்து, கல்லின் தரத்தைப் பாராட்டினார். பிறகு, தாளாளர் பேச்சில் கேட்டதை வைத்துச் சும்மா ஒரு மரியாதைக்காக, "இது பகா எண்ணா?" என்று கேட்டார்.

குழந்தைவேலு என் பக்கம் கை காட்டினார். "எங்க மாதேஸ்வரன் சொல்லுவாருங்க."

எழுந்தேன். அந்த நேரம் பார்த்துத் தாளாளர் என் தோளில் கை போட்டுக் காதருகில், "கவரை எடுத்து மேசை மேல வைக்கச் சொல்லியிருக்கறேன். பஸ்ஸு நாளைக்கித்தானுங்களே?" என்றார். அவர் கை கனமான கை. எனக்கு யோசிக்க நேரம் தேவைப்பட்டது. அவ்வளவுதான். மற்றபடி நான் சொல்லத்தான் இருந்தேன்.

அதற்குள் ஒலிபெருக்கியில் தமயந்தி மேடத்தின் குரல் கேட்டது. "இல்லீங்க சார். இது பகு எண். இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்றால் மீதியில்லாம வகுபடும். ஈவு, ஐநூற்று முப்பத்தாறு கோடியே முப்பத்திரண்டு லட்சத்து இருபத்திரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்தேழு. கண்டுபிடிச்சது மாதேஸ்வரன் சார்."

குழுத் தலைவர் என்னைப் பார்த்து, "அப்படியா?" என்றார்.

மேடம் பெருக்கும்போது எங்காவது அவசரப்பட்டிருக்கலாம் என்று சொன்னேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. "பகா எண்" என்ற சொல்லை நான் உச்சரிக்கவேயில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவர் அவசரப்பட்டார் என்பது ஒரு வகையில் உண்மையும்கூட. இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

குழுத் தலைவருக்கு ஒரே மகிழ்ச்சி. "ஒரே துறைக்குள் இவ்வளவு வெளிப்படையான கருத்து வேறுபாடா! இதுதான் ஆரோக்கியமான ஆய்வுச் சூழல்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். மேடம் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் போகலாம் என்றுதான் நினைத்தேன். இலை போட்டுவிட்டார்கள்.

ஜூலை 23, வியாழன்

காலையிலேயே தமயந்தி மேடத்தை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஏ.ஓ. அவருடைய உறையை அலமாரியின் அடியிலிருந்து உருவி, தூசியைக்கூடத் தட்டாமல் மேசையில் எறிந்தாராம். நிலுவைக் கையெழுத்து, அறிவிப்புக் காலம் எதுவும் கேட்கவில்லை. இப்போதே வெளியே போ என்றார்களாம். ஒன்பது வருடத்துச் சான்றிதழ்கள் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டன. இது என்ன நியாயம்? கல்லூரியை எதிர்த்தவருக்குக் கொடுக்கிறார்கள், பொறுமையாக இருந்தவனுக்கு இல்லை!

துறை அறைக்கு வந்து அவர் தன் டம்ளரையும் குடையையும் எடுத்தார். வாடகைப் பேராசிரியர்கள் போய்விட்டதால் அறையில் நாங்கள் இருவர்தான். உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பத்தாம் வகுப்புப் பட்டியலின் ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது.

"மேடம், நேத்து நான்..."

"பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு மாதேஸ் சார். இப்பவும் போய்ச் சொல்லலாம். சொன்னா உடனே துரத்திருவாங்க. நல்லாத்தான் இருக்குது."

கல்லூரிப் பேருந்தில் ஏற்றவில்லை என்பதால் பெரிய சாலை வரை நடந்து போனார். இன்று வெயில் அவ்வளவாக இல்லை. நடக்க முடியாத தூரமும் இல்லை.

பிறகு நான் ஏ.ஓ. அறைக்குப் போனேன். நேராகச் சொன்னேன்: "சார், அந்த எண் பகு எண்தான். மேடம் சொன்னது சரி. நேத்து நான் சொன்னதுதான் தப்பு. என்னையும் நீக்கிருங்க. கவரைக் குடுங்க."

சென்னியப்பன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் சார். குழு ரிப்போர்ட்டுல நம்மளுக்குப் 'பகா எண் ஆய்வு மையம்'னு ஒண்ணு இருக்கறதா எழுதிட்டாங்க. அதுக்கே தனி மார்க்கு. நீங்கதான் மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர். சான்று அஞ்சு வருசத்துக்குச் செல்லும். அதுவரைக்கும் ஒருங்கிணைப்பாளர் மாறக் கூடாதாமா."

"சார், காதுல விழுதா? அது பகா எண்ணே இல்ல!"

"சொல்லுங்க சார், தாராளமாச் சொல்லுங்க. நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கி வேற சொல்றீங்க. இதுக்குப் பேருதான ஆராய்ச்சி? இனி நீங்க என்ன சொன்னாலும் அது மையத்தோட கணக்குல வந்துருமுங்க."

"மேடத்தை மட்டும் நீக்கினீங்களே?"

"அவங்க ஆராய்ச்சியாளர் இல்லீங்களே. தொகுப்பாளர்தான?"

தாளாளர் திருப்பதிக்குப் போய்விட்டாராம். மேசை மேல் எந்த உறையும் இல்லை. பேருந்து நேரம் போய்விட்டது.

ஜூலை 24, வெள்ளி

பத்து மணி ஆகிறது. சென்னையில் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். அம்மா இரண்டு முறை போன் செய்துவிட்டாள். எடுக்கவில்லை.

எனக்கு ஒரு தனி அறை கொடுத்திருக்கிறார்கள். கதவில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டுப் போனான் தச்சன். அதை அப்படியே விட்டுவிட்டு ஏ.ஓ. அறை வாசலுக்கு வந்து நிற்கிறேன். இதை நின்றபடிதான் எழுதுகிறேன். கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது. மின்விசிறி ஓடும் சத்தம் கேட்கிறது. கதவுக்கு அடியில் அவருடைய செருப்பின் நிழல் தெரிகிறது. மூன்று முறை தட்டினேன். நடைக்கூடத்தில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டு, பார்க்காதது போல் நகர்ந்தார்கள். குழந்தைவேலுவும் வந்தார். கையில் தண்ணீர்ப் பாட்டில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாகக் குடிக்கத் தொடங்கினார்.

கதவில் வாயை வைத்துக் கத்தினேன்:

"அதுல இருக்கறது என் பேரு! என் சர்ட்டிபிகேட்டக் குடுங்க!"

செருப்பின் நிழல் கொஞ்சம் உள்ளே நகர்ந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது.

"குடுங்க!"